இடதுபக்கப் பின் ஸ்பீக்கர்

தூத்துக்குடியில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த கிட்டங்கித் தெருவில் மெர்சலின் என்பவள் கார் ரேடியோக்களைப் பழுதுபார்த்து வந்தாள், அந்த ஊர்க் காற்றில் உப்பு கலந்திருந்ததால் எந்தச் செம்புக் கம்பியும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காமல் பச்சைக் களிம்பு பூத்து, பாட்டு கரகரத்து, ஒரு பக்கம் கேட்டால் மறுபக்கம் கேட்காமல் போய்விடும் என்பதால் அவளுக்கு வேலைக்குக் குறைவே இல்லாமல் இருந்தது. நாற்பத்தாறு வயது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிசம் படித்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். புருஷன் அருள்ராஜ் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் இன்ஜின் பார்த்தான், போனால் பல நாட்களுக்கு ஒரு தகவலும் இருக்காது, நடுக்கடலில் போன் எடுக்காது.

உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த சுடலைமணி தன் பழைய வெள்ளைக் காரை அவள் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு. மனைவி முத்துச்செல்வி முன்னால் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். எட்டு வயது மகள் அபிஷா பள்ளிக்கூட உடுப்போடு பின்சீட்டில் இடது ஓரமாக இருந்தாள்.

"அக்கா, ரேடியோவுல ஒரு கோளாறு," என்றான் சுடலைமணி.

"கரகரன்னு கேக்குதோ?"

"கரகரன்னுதான் கேக்குது. ஆனா நான் பேசுறதுல்லா கேக்குது."

மெர்சலின் ஆச்சரியப்படவில்லை. ரேடியோவுக்குள் பல்லி அழுகிறது என்று சொன்னவர்களையும், பிரேக் போட்டால் மட்டும் பாட்டு வருகிறது என்று சொன்னவர்களையும் அவள் பார்த்திருந்தாள், அவர்கள் எல்லாரும் கேட்டதைத்தான் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கம்பி காரணமாக இருந்தது. எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக் கேட்டாள். இரைச்சலுக்கு நடுவே சுடலைமணியின் குரல்தான். ஆன்டெனா கம்பியை உருவிக் களிம்பைச் சுரண்டி, எர்த்து போல்ட்டை மணல்தாளால் தேய்த்து முறுக்கி, திரும்பப் போட்டபோது குரல் பக்கத்தில் இருந்து பேசுவதுபோலத் தெளிந்து வந்தது: "செல்வி, கண்ணாடிய ஏத்து, பிள்ளை நனையுது பாரு." வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"இப்பம் சுத்தமா கேக்குது," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாள் மெர்சலின்.

மறுநாள் நாலு மணிக்கு மழை கொட்டியது, சுடலைமணி அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னான், சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது.

அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் தெரு முழுவதற்கும் விஷயம் பிடிபட்டுப்போயிற்று. அந்தக் காருக்குள் நாளை இந்நேரம் யார் என்ன பேசுவார்களோ அது இன்று இந்நேரம் அந்த ரேடியோவில் கேட்கும். பேச்சு மட்டும்தான். நாலு இருக்கைக்கு நாலு ஸ்பீக்கர், எந்த இருக்கையில் இருந்து பேசுவார்களோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் அந்தக் குரல் வரும். அது ஏன் அப்படி என்று இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் அந்தப் பேச்சு அலுத்துப்போய், முறை வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சுடலைமணி பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு நாலு மணிக்குத் தெருவுக்குள் வந்து பூவரச மரத்தடியில் காரை நிறுத்துவான், நாலு கதவையும் திறந்துவைப்பான், தெருவே சுற்றி நிற்கும். வலதுபக்கப் பின் இருக்கை காலியாக இருந்ததால் அது தெருவுக்கு என்று ஆயிற்று. ஒருவர் மாற்றி ஒருவர் அதில் ஏறி உட்கார்ந்து, அன்று தனக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும், அப்படிச் சொல்வார்கள் என்பதால்தான் முந்தின நாளே அது கேட்டது, முந்தின நாள் கேட்டுவிட்டதால் மறுநாள் வந்து சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் கேசரிக்கு ரவை வாங்கி வைத்திருந்த ரோசம்மாள், "அவங்களுக்குப் பிடிக்கலியாம்" என்று தன் குரலே சொல்லக் கேட்டு, கேசரியை அன்றைக்கே கிண்டி வீட்டாருக்கே கொடுத்துவிட்டாள். டீக்கடை காஜா மைதீன் தான் யாரையோ கண்டபடி ஏசுவதைக் கேட்டு, யாரென்று தெரியாததால் வருகிறவர்களிடம் எல்லாம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டதைச் சொல்லாமல் இருந்து பார்க்க முயன்றவர் ஒரே ஒருவர், தெருச் சங்கத்தின் தலைவர் ஞானதுரை. கோயில் கொடைத் திருவிழாவின்போது காணாமல் போன மைக்கை "நான்தான் எடுத்தேன்" என்று தன் குரல் சொல்வதை அவர் தெருவோடு சேர்ந்து நின்று கேட்டார். மறுநாள் காலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். மூன்றரை மணிக்குக் கொல்லைப்புறத்தில் தேன்கூடு கலைந்து, தேனீக்கள் வீட்டுக்குள் புகுந்து, அவர் வேட்டியைத் தலையில் போர்த்திக்கொண்டு தெருவில் ஓடி, திறந்திருந்த முதல் கதவுக்குள் பாய்ந்து உட்கார்ந்தபோது அது சுடலைமணியின் கார். மணி நாலு. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார், வாய் தானாகத் திறந்தது. அதற்குப் பிறகு யாரும் முயலவில்லை. கேட்டது நடக்கும் என்று சாப்பாடு தண்ணிபோல எடுத்துக்கொண்டார்கள், நாளையைத் தெரிந்துகொள்ளாமல் முன்பெல்லாம் எப்படித் தூங்கினோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

மெர்சலினும் முறைக்கு நின்றாள். அருள்ராஜ் கடலில் இருக்கும் நாட்களில் அவள் தினமும் அந்த இருக்கையில் ஏறி, "இன்னைக்கும் தகவல் இல்ல, நல்லாத்தான் இருப்பாரு" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்குவாள். முந்தின நாள் அதைக் கேட்கும்போது வார்த்தைகளை அவள் கவனிப்பதில்லை, குரலில் நடுக்கம் இருக்கிறதா, அழுத குரலா என்று ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பாள், நாளைய தன் குரல் சாதாரணமாக இருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

அபிஷாவுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை. அவள் எப்போதும்போலப் பேசினாள். சாப்பாட்டு டப்பாவில் வெண்டைக்காய் வைத்ததற்குச் சண்டை போட்டாள், கூடப்படிக்கிற பிள்ளையின் பென்சில் பெட்டியில் கண்ணாடி இருக்கிறது என்றாள், ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னாள். தினமும் நாலு மணிக்கு இடதுபக்கப் பின் ஸ்பீக்கரில் நாளைய அவள் குரல் வந்துகொண்டே இருக்கும், தெருக்காரர்கள் அதை யாரும் கேட்பதில்லை, பெரியவர்களின் செய்தி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

ஒரு புதன்கிழமை அந்த ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

முதலில் கவனித்தது முத்துச்செல்வி. "ஏங்க, பிள்ளை சத்தத்தைக் காணும்," என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் முன்பக்க வலது ஸ்பீக்கரில் சுடலைமணியின் குரல், "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல," என்றது. பிறகு முன்பக்க இடது ஸ்பீக்கரில் முத்துச்செல்வியின் குரல் வந்தது. "பேசு தாயி. ஒரே ஒரு வார்த்தை பேசு தாயி." அது அழுகிற குரல். வலதுபக்கப் பின் ஸ்பீக்கரில் மெர்சலினின் குரல் வந்தது: "கொஞ்சம் பொறு, செல்வி." அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் சத்தம் இல்லை.

முத்துச்செல்வி காரிலிருந்து இறங்கி மெர்சலினின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ஸ்பீக்கர் போயிட்டுன்னு சொல்லுங்கக்கா. ஒயர்தான் அந்துபோச்சு, இல்லையா? உப்புக் காத்துக்கு எல்லாரு கார்லயும் போவத்தானே செய்யுது?"

"இரு, பாக்கேன்," என்றாள் மெர்சலின். அவள் வாழ்நாளில் ஒரு ஸ்பீக்கர் பழுதாகி இருக்க வேண்டும் என்று அதற்கு முன் வேண்டிக்கொண்டதே இல்லை.

முள்ளைத் திருப்பிப் பாட்டு வரும் ஸ்டேஷனில் வைத்தாள். நாலு ஸ்பீக்கரிலும் பாட்டு வந்தது, இடதுபக்கப் பின் ஸ்பீக்கரில் மற்றதைவிட நன்றாகவே வந்தது. பழைய இடத்துக்குத் திருப்பினாள், மூச்சுவிடும் இரைச்சல் மட்டும். வலதுபக்க ஸ்பீக்கரைக் கழற்றி இடதுபக்கம் மாட்டினாள், இடதுபக்கம் இருந்ததை வலதுபக்கம் மாட்டினாள். அப்போது வலதுபக்கம், அதே வார்த்தைகளை மெதுவாக இரண்டாம் முறை சொல்லும் தன் குரலைக் கேட்டாள். இடதுபக்கம் ஒன்றுமில்லை. கம்பிகளை மாற்றிக் கொடுத்தாள், கதவு மடிப்பில் கம்பி நசுங்கியிருக்கிறதா என்று ரப்பரை உருவிப் பார்த்தாள், செட்டின் பின்னாலிருந்து வேறொரு கம்பியை நேராக இழுத்துப் பார்த்தாள். ஸ்பீக்கர் மாறியது, கம்பி மாறியது, அமைதி மட்டும் அந்தப் பிள்ளை உட்காரும் இடத்தை விட்டு நகரவில்லை. நாலு இருபதுக்கு நாலு ஸ்பீக்கரையும் கழற்றிக் கடைக்குள் மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். சின்ன பேட்டரி ஒன்றின் இரு முனையையும் அந்த ஸ்பீக்கரில் தொட்டாள், டக் என்று கூம்பு எழுந்து அடங்கியது. கூம்பைக் கட்டைவிரலால் அழுத்தி உரசல் இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தபோது மணி ஐந்தரை ஆகியிருந்தது, அப்போது நாலு ஸ்பீக்கரிலும் எந்தக் குரலும் இல்லை, நாளை ஐந்தரைக்குக் காரில் யாரும் இருக்கமாட்டார்கள் போலும்.

எத்தனையோ பேரிடம் அவள் சொல்லி அவர்கள் முகம் மலர்ந்த வாக்கியம் ஒன்று இருந்தது. அதை இப்போது சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஒயர்தான் போயிற்று, நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முத்துச்செல்வி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லா இருக்கு, செல்வி," என்றாள் மெர்சலின்.

முத்துச்செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலமே பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் நாக்கை நீட்டச் சொல்லி, நெஞ்சில் குழாய் வைத்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். "நாளைக்கு நாலு மணிக்கும் ஒண்ணுமிருக்காதா சார்?" என்று சுடலைமணி கேட்டதும் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வீட்டில் வைத்துக்கொண்டார்கள். மாடிப்படிக்குக் கயிறு கட்டினார்கள், கிணற்றுக்குப் பலகை போட்டார்கள், முள் தொண்டையில் சிக்கும் என்று மீனை எடுத்துவைத்தார்கள். தெரு அந்த வீட்டைத் தன் வீடாக எடுத்துக்கொண்டது. காஜா மைதீன் கடையைச் சாத்திவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பாம்பு வந்தால் பார்க்க. ரோசம்மாள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள். நேற்றுக் கேட்காத குரலை இன்று முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருந்தால் அது நின்றுபோகாது என்று யாருக்கோ தோன்றியது, அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

"ஏதாவது பேசு பிள்ள."

"வாய்ப்பாடு சொல்லு, ஏழாம் வாய்ப்பாடு."

"பென்சில் பெட்டி வேணும்னியே, என்ன கலர்? சொல்லு, என்ன கலர்?"

காலை எட்டு மணிக்கு அபிஷா உற்சாகமாகத்தான் இருந்தாள், பள்ளிக்கூடம் இல்லை, வீடு நிறைய ஆட்கள். ஒன்பது மணிக்கு அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நாற்பது பேர் மூச்சுவிட்டார்கள். பத்து மணிக்கு ஞானதுரை ஒரு நோட்டுடன் வந்து அவள் பேசுவதை எழுத ஆரம்பித்தார். பதினொரு மணிக்கு அவள் ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் அம்மாவின் முகம் வெளுப்பதைப் பார்த்தாள், தன் வாயில் ஏதோ ஒரு பொல்லாத பொருள் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்கே போனாலும் கூடவே நாலு பேர் வந்தார்கள், குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது என்றார்கள். பன்னிரண்டரைக்கு "போதும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தெரு கெஞ்சியது, பலூன் வாங்கி வந்தது, பயமுறுத்தியது, அழுதது. அவள் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு, சுவர் மூலையில் இருந்தாள்.

கூட்டத்தின் பின்னால் நின்ற மெர்சலினுக்கு அப்போதுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் வெறும் காற்றே ஊளையிடும், மைக்கிலும் குற்றமில்லை, ஸ்பீக்கரிலும் குற்றமில்லை, ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் ஊளை, இரண்டில் ஒன்றை அணைத்தால் நின்றுவிடும். பிள்ளைக்கு நோய் இல்லை. நாளை பேசமாட்டாள் என்று இவர்கள் கேட்டார்கள், கேட்டதால் பேசு பேசு என்றார்கள், அதனால் அவள் பேசவில்லை. இன்று நாலு மணிக்கு இவர்கள் நாளையையும் கேட்பார்கள், அதிலும் ஒன்றும் வராது, நாளைக்கும் இதேபோல நாற்பது பேர்.

அவள் திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். "அந்தச் செட்டைக் கழத்தப் போறேன்," என்றாள்.

தெரு சத்தம் போட்டது. ரோசம்மாள், "என் மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன், எப்படி முடியும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கேட்டாள். ஞானதுரை, இது ஒரு வீட்டுச் சொத்து இல்லை, சங்கத்தைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்றார். காஜா மைதீன்தான் மெதுவாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"மெர்சி, உன் வீட்டுக்காரரு தோணிய பத்து நாளா காணும்னு துறைமுகத்துல பேசுதாவளே. நாளைக்குத் தகவல் வந்தாலும் வரும். அதை இன்னைக்கே கேக்க வேண்டாமா உனக்கு?"

அவளுக்கு வேண்டும். அந்தப் பத்து நாளும் அந்த ஸ்பீக்கரில் வந்த தன் குரலைத் தின்றுதான் அவள் உயிர் பிடித்திருந்தாள். அருள்ராஜின் தோணி இன்ஜின் நின்று, நீரோட்டத்தில் இழுபட்டு, வேறு கப்பல் கயிறு போட்டு இழுத்து, பின்னால் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, பூவரச மரத்தடியில் நின்ற அந்த வியாழக்கிழமை அவளுக்கு அது தெரியாது, அந்த ஒன்பது நாளையும் அவள் ஒன்றும் தெரியாமலே கடக்க வேண்டியிருந்தது. காஜா மைதீனுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மனம் மாறிவிடுமோ என்று பயந்து, காரின் பக்கம் போய் நின்றாள்.

நாலு மணிக்குச் சில நிமிஷம் இருக்கும்போது முத்துச்செல்வி பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், தலை கலைந்திருந்தது. இன்றைக்கு யாரும் காருக்குள் ஏறக் கூடாது என்று காலையில் சத்தியம் வாங்கியவளே அவள்தான். "நாளைக்குப் பேசுவாளான்னு நான் கேக்கணும்," என்று முன்னால் ஏறி உட்கார்ந்தாள். சுடலைமணி ஸ்டீயரிங்கில் ஏறினான். அபிஷா தன் வழக்கமான இடத்தில் ஏறினாள், வலதுபக்கக் கதவைத் திறந்து மெர்சலின் ஏறினாள். தெரு நெருக்கிக்கொண்டு வந்தது. மெர்சலின் சைகையாலேயே நாலு கதவையும் சாத்தவைத்தாள், கண்ணாடிகளை ஏற்றவைத்தாள், வெளியே முகங்கள் ஒட்டிக்கொண்டன.

அபிஷாவின் உதடு நடுங்கியது. சுடலைமணி திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல," என்றான். முத்துச்செல்வி பின்பக்கம் முழுக்கத் திரும்பி, மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பேசு தாயி. ஒரே ஒரு வார்த்தை பேசு தாயி," என்று அழுதாள். பிள்ளை பேசவில்லை. முத்துச்செல்வியின் கை ரேடியோவின் பொத்தானுக்குப் போயிற்று.

"கொஞ்சம் பொறு, செல்வி," என்றாள் மெர்சலின்.

நேற்று இந்த வார்த்தைகளைக் கேட்டபோது இவை ஆறுதல் என்று நினைத்திருந்தாள். இப்போது அவள் முத்துச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், இறுக்கமாக. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். மெர்சலின் கண்ணாலேயே பிள்ளையின் பக்கம் காட்டினாள். முத்துச்செல்வி பார்த்தாள். மகள் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடிக்க வருகிறவரின் கையைப் பார்ப்பதுபோல.

பொத்தானிலிருந்து முத்துச்செல்வியின் விரல் தானாக விலகியது. அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

மெர்சலின் முன்சீட்டுகளுக்கு நடுவே குனிந்து, சட்டத்தின் இரு ஓரத்திலும் திருப்புளியை நுழைத்து நெம்பி, செட்டை வெளியே இழுத்து, பின்னால் இருந்த கம்பிக்கற்றையை ஒரே பிடியில் உருவினாள். வெளியே யாரோ கண்ணாடியை அடித்தார்கள். செட்டை மடியில் வைத்துக்கொண்டு, காரை எடுக்கும்படி சுடலைமணியின் தோளைத் தட்டினாள். பேச வாயெடுத்த முத்துச்செல்வியிடம் அதே வார்த்தைகளை மெதுவாக இரண்டாம் முறை சொன்னாள்: "கொஞ்சம் பொறு, செல்வி." அந்தச் செட்டைப் பின்னாட்களில் ஞானதுரை கேட்டு வாங்கி எத்தனையோ காரில் மாட்டிப் பார்த்தார், அதில் பாட்டுத்தான் வந்தது.

கார் கூட்டத்தை மெதுவாக ஒதுக்கிக்கொண்டு தெருமுனை தாண்டி, தண்டவாளம் தாண்டி, உப்பளப் பாதையில் ஏறியது. ரேடியோ இருந்த இடத்தில் ஒரு பொந்து, அதில் நாலைந்து கம்பி தொங்கி ஆடின. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர், கரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், மேலே ஓலை போர்த்தியிருந்தது. மணி நாலேகாலைத் தாண்டியது. நாலு இருபதைத் தாண்டியது. அதற்குப் பிறகு என்ன பேசப்போகிறார்கள் என்று உலகத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை, நேற்று அந்நேரம் நாலு ஸ்பீக்கரும் கடை மேசையில் கவிழ்ந்து கிடந்தன. முத்துச்செல்வி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். பேசு என்று சொல்லிவிடாமல் இருக்க அவள் பட்ட பாட்டில் அவள் தோள் குலுங்கியது. சுடலைமணி கண்ணாடியில் பின்னால் பார்ப்பதற்காகக் கண்ணை உயர்த்தினான், பார்க்காமல் தாழ்த்திக்கொண்டான். மெர்சலின் தன் பக்கத்து ஜன்னல் வழியாக உப்புக் குவியல்களை எண்ணினாள், முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, இந்தப் பிள்ளை இனிமேல் பேசவே போவதில்லை என்றால் அதற்குத் தான்தான் காரணமென்று இந்தத் தாய் தன்னைக் கடைசிவரை மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தாள், முப்பத்தாறு, முப்பத்தேழு. இன்ஜின் சத்தமும் சக்கரத்துக்கடியில் உப்பு நொறுங்கும் சத்தமும்தான். அப்படி எவ்வளவு தூரம் போனார்கள் என்று பின்னால் மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

"எப்பா," என்றது இடதுபக்கப் பின் இருக்கை.

சுடலைமணி பிரேக்கை மிதிக்காமல் இருக்க ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். "ம்," என்றான், தன்னால் முடிந்தவரை சாதாரணமாக.

"காரை நிப்பாட்டு. எனக்கு ஒண்ணுக்கு வருது. காலைல இருந்து வருது."

கார் நின்றது. அபிஷா கதவைத் தள்ளித் திறந்து, உப்புக் குவியலுக்குப் பின்னால் ஓடினாள். போகும்போதே, "யாரும் பாக்கக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று கத்தினாள். முத்துச்செல்வி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு அழுகையானது, அழுகை திரும்பச் சிரிப்பானது. சுடலைமணி வெளியே இறங்கிக் காருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டான். மெர்சலின் மடியிலிருந்த செட்டைக் காலடியில் வைத்தாள்.

திரும்பி வந்த பிள்ளை கதவைச் சாத்துவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். ரோசம்மாள் பெரியம்மாவின் கையில் பூண்டு நாற்றம், நெற்றியைத் தொடும்போதெல்லாம் வாந்தி வந்தது. காஜா மாமா வாசலில் உட்கார்ந்தபடி குறட்டை விட்டார், பாம்பு வந்தால் அவரைத்தான் முதலில் கடித்திருக்கும். எல்லாரும் ஏன் அழுதார்கள், தான் என்ன தப்புச் செய்தாள், அதை அம்மா ஏன் முதலில் கேட்கவில்லை. இந்தக் கடைசிக் கேள்விக்கு முத்துச்செல்வி பின்சீட்டுக்கு வந்து மகளை மடியில் இழுத்து, அவள் காதில் நெடுநேரம் ஏதோ பதில் சொன்னாள். மெர்சலின் அதைக் கேட்டுவிடாதபடி இறங்கிப்போய் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கார் திரும்பியது. தெரு பூவரச மரத்தடியிலேயே நின்றிருந்தது, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. காரைக் கண்டதும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள், பின்சீட்டில் பிள்ளையின் வாய் அசைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்கள், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், ரோசம்மாள் மூக்கைச் சிந்தினாள். ஞானதுரை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தட்டினார். முத்துச்செல்வி நாலு விரல் அளவுக்கு அதை இறக்கினாள்.

"பேசிட்டாளா? பேசிட்டாளா?" என்று கேட்டார் ஞானதுரை. "முதல்ல என்ன சொன்னா?"

அத்தனை முகங்களும் அந்த நாலு விரல் இடைவெளிக்கு நேராகக் குனிந்தன. முத்துச்செல்வி மகளைப் பார்த்தாள், மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அது எங்க கார்ல நாங்க பேசுனது, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வி கண்ணாடியை ஏற்றினாள்.